மூடியும் மூடாத வால்வு

அலுவலகத்தில் அவளுக்கு வால்வம்மா என்று பெயர். வைத்தது படம் வரைகிற பிரிவில் இருந்த ஒரு குசும்புக்காரர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், கடைசியில் மேலாளரே ஒரு கூட்டத்தில் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பல வருஷமாக அவள் பிழைப்பே வால்வுதான். பேட்டரிக் கடைக்கு மேலே, ஜன்னலைத் திறந்தால் பஸ் டிப்போவின் புகை உள்ளே வருகிற ஒரு அறையில் உட்கார்ந்து, எந்தக் குழாயில் எந்த வால்வைப் போடலாம் என்று முடிவு செய்வாள். அந்தக் குழாய்களில் ஓடுவது திரவ நைட்ரஜன். தரையில் ஒரு சொட்டு சிந்தினால் சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர்போலத் துள்ளி ஓடி, புகையாகி, காணாமல் போய்விடும். தோலில் பட்டு நின்றால் நெருப்புப் பட்ட மாதிரி கொப்பளித்துவிடும்.

அவளுடைய அம்மாவுக்கு அந்த வேலை இன்றுவரை பிடிபடவில்லை. மகள் போனில் 'பால் வால்வு, பால் வால்வு' என்று பேசுவதைக் கேட்டுவிட்டு, ஏதோ பால் பண்ணைக்குக் குழாய் போடுகிறாள் என்று முடிவு கட்டியிருந்தாள். உள்ளே பந்துபோல ஓர் உருண்டை இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று மகன் எடுத்துச் சொன்னபோதும் அசரவில்லை. பாலோ பந்தோ, நாலு பேர் மதிக்கிற மாதிரி இருந்தால் சரி என்றுவிட்டாள்.

மகன் என்றால், அவளுடைய ஒரே தம்பி. குழாய் பற்றவைக்கிற வேலை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை அவன் பற்றவைத்தால் தையல் மிஷினில் ஓட்டியதுபோல ஒரே சீராக இருக்கும் என்று ஒப்பந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கீழ்வீட்டில் அவனும் மனைவியும் குழந்தைகளும் அம்மாவும். மாடியில் அவள் தனியாக. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவள். அந்தப் பேச்சு எப்போதோ ஓய்ந்துபோயிருந்தது. சாப்பாடு பெரும்பாலும் கீழேதான். அக்காவும் தம்பியும் ஒரே தட்டில் கைவைக்காத குறையாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி இருந்தபோதுதான் ஆஸ்பத்திரி வேலை வந்தது. ரத்தப் புற்றுநோய்க்காரர்களின் எலும்பு மஜ்ஜையை எடுத்து, திரும்பச் செலுத்துகிற நாள்வரை உறைய வைத்துப் பாதுகாக்கிற ஒரு கூடம். உள்ளே, துணி துவைக்கிற மிஷினைப் பெருக்கிச் செய்ததுபோல வட்டமான உறைதொட்டிகள் வரிசையாக நிற்கும். வெளியே முற்றத்தில் பெரிய டாங்கி. அதிலிருந்து குழாய் வழியாகத் திரவ நைட்ரஜன் வந்து ஒவ்வொரு தொட்டியையும் நிரப்ப வேண்டும். குழாய் போடுகிற ஒப்பந்தம் தம்பி வேலை செய்கிற ஆளுக்குப் போனது தற்செயல்தான். அக்கா தேர்ந்தெடுத்ததைத் தம்பி பொருத்தப்போகிறான் என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

அந்தக் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. சைக்கிள் டயரில் இருக்கிற காற்றைவிடக் குறைவு. கூட்டினால் திரவம் தொட்டிக்குள் சீறிக்கொண்டு விழுந்து பாதி ஆவியாகிவிடும். அழுத்தம் குறைவென்றால் வால்வு தேர்ந்தெடுப்பது சுலபம் என்று வெளியாள்கள் நினைப்பார்கள். சங்கடமே அங்கேதான். அழுத்தம் உள்ள குழாயில் வால்வு வழியைக் கொஞ்சம் நெருக்கினாலும் திரவம் முட்டி மோதிப் போய்விடும். இங்கே பின்னாலிருந்து தள்ள ஆளில்லை. நெருக்குகிற இடத்திலேயே கொதித்துவிடும். தொட்டிக்கு வெறும் ஆவிதான் போய்ச் சேரும்.

அவள் முன்னால் இரண்டு வழி இருந்தது. குளோப் வால்வு போட்டால் இறுக்கமாக மூடும், எந்தச் சண்டித்தனமும் செய்யாது. ஆனால் உள்ளே திரவம் வளைந்து ஏறி இறங்கித்தான் போக வேண்டும். பால் வால்வு என்றால் திறந்தவுடன் நேர்வழி, குழாய்க்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் மூடும்போது, உருண்டையைக் குடைந்து போகிற துளைக்குள் கொஞ்சம் திரவம் மாட்டிக்கொள்ளும். மாட்டியது சூடேறி ஆவியானால் பல நூறு மடங்கு விரிந்து வால்வையே பிளந்துவிடும். அதனால் தயாரிக்கிறவர்கள் உருண்டையில் டாங்கி இருக்கிற பக்கமாகச் சின்னதாக ஓர் ஓட்டை போட்டுவிடுவார்கள். மாட்டுவது வந்த வழியே போய்விடும். அந்த ஓட்டையால் வால்வுக்கு ஒரு திசை வந்துவிடுகிறது. திரவம் போக வேண்டிய பக்கத்தைக் காட்டி வால்வின் உடம்பில் அம்புக்குறி போட்டிருக்கும். திருப்பிப் பொருத்தினால் மூடினாலும் முழுசாக மூடாது. ஓட்டை வழியே மறுபக்கம் கசிந்துகொண்டே இருக்கும்.

இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இரண்டையும் நிறுத்துப் பார்த்து, தொட்டிகள் சரியாக நிரம்ப வேண்டும் என்று பால் வால்வையே தேர்ந்தெடுத்தாள். கழுத்து நீண்ட வகை. கைப்பிடி குளிரிலிருந்து தள்ளி மேலே நிற்கும், கழுத்துக்குள் ஆவி தங்கிக் குளிரை ஏறவிடாது. படத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் அம்பு போட்டாள். அம்பு ஏன் என்று எழுதவில்லை. யாரும் எழுதுவதில்லை.

வேலை முடிகிற கட்டத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் திறப்பு நாளைக் குறித்துவிட்டார்கள். மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு திரிந்தார். குழாயில் வாயு ஏற்றி வெளியே எங்கேயும் கசிவு இல்லை என்று பார்த்தாயிற்று. ஒவ்வொரு வால்வாக மூடி, மூடியதும் ஓட்டம் நிற்கிறதா என்று பார்க்கிற சோதனை பாக்கி. புது வால்வுகள்தானே, தயாரிக்கிற கம்பெனியிலேயே சோதித்துத்தான் அனுப்புகிறார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேலாளர். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை, அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

கூடம் திறந்தது. தொட்டிகள் அழகாக நிரம்பின. எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒரு பிற்பகல், மேலாளர் போனை வைத்துவிட்டு வெளுத்த முகத்தோடு அவள் மேஜைக்கு வந்தார். கூடத்தைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் அம்மா உள்ளே மயங்கி விழுந்துவிட்டாராம்.

நடந்தது இதுதான். கடைக்கோடித் தொட்டிக்குப் போகிற வளைகுழாயை மாற்ற வேண்டியிருந்தது. அந்தம்மா முறைப்படி அந்த வரிசையின் வால்வை மூடிவிட்டு, தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்து வளைகுழாயைக் கழற்றினார். தடித்த கையுறையோடு திருகாணியைப் பிடிக்க முடியாமல் கையுறையைக் கழற்றி வைத்திருந்தார். குழாய் முனையிலிருந்து திரவம் வந்தது. மிச்சம் மீதி வடிகிறது, நின்றுவிடும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை. குளிர்ந்த வாயு கனமானது. புகையாகத் தரையோடு படர்ந்து, அவர் குனிந்திருந்த மூலையை நிரப்பிவிட்டது. வாசனை இல்லை, மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது. பிராணவாயு குறைந்தால் அலறுகிற கருவி கதவுக்குப் பக்கத்தில், நிற்கிற ஆள் உயரத்தில் இருந்தது. அது அலறியபோது அந்தம்மா சாய்ந்து கிடந்தார், வலது கை அந்த முனைக்குக் கீழே. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த காவலாளி, புத்திசாலி, உள்ளே பாயாமல் மூச்சுக் கருவி மாட்டியவர்களைக் கூட்டிவந்து இழுத்தார். உயிர் தப்பியது. கைதான் பாழ்.

அவளும் மேலாளரும் போய்ச் சேர்ந்தபோது டாங்கியை அடைத்து, கூடத்துக்குக் காற்று விட்டிருந்தார்கள். அந்த வால்வுமேல் குளிர்காப்புக்காக வெள்ளை நுரைப்பஞ்சு போர்த்தியிருந்தது. அவள் கத்தி வாங்கி அதை அறுத்தாள். உள்ளே அம்புக்குறி டாங்கியைப் பார்த்து நின்றது.

அம்பைவிட, பக்கத்தில் குழாயைச் சுற்றி ஓடியிருந்த பற்றவைப்பையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தையல் மிஷினில் ஓட்டியதுபோல இருந்தது.

வீட்டுக்குப் போனபோது தம்பி பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்குச் செய்தி வந்துவிட்டிருந்தது. எந்த வால்வு என்பதுமட்டும் தெரியாது. அவள் சொன்னாள். அவன் குழாயை மூடாமலே நின்றான், தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அது நான் போட்டதுதான்," என்றான். "அம்புப்படி போட்டா கைப்பிடி காத்துக்குழாய்ல இடிக்குது. பாதிதான் திரும்புது. திருப்பிப் போட்டேன், நல்லா சுத்துச்சு."

"படத்துல அம்பு இருந்துதுல்லடா."

"அம்பு எல்லா வால்வுலயும்தான் இருக்கு. தண்ணி வால்வுல எத்தனையோ திருப்பிப் போட்டிருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல. உள்ள ஓட்டை இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா, அக்கா?" குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அன்னைக்கு உனக்குப் போன் பண்ணேன். நீ எடுக்கல."

அவளுக்கு நினைவு வந்தது. ஏதோ ஒரு கூட்டம். மேஜைமேல் போன் அதிர்ந்தது. தம்பி பெயரைப் பார்த்து, அம்மாவின் மாத்திரை விஷயமாக இருக்கும், சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம் என்று கவிழ்த்து வைத்தாள். சாயங்காலம் அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதற்குள் வால்வு பற்றவைத்தாகிவிட்டது. கூடத்துக்குக் காற்றோட்டம் தருகிற காற்றுக்குழாய் அந்த இடத்தில் வருகிறது என்பது அவளுடைய படத்திலேயே இல்லை. கட்டடக்காரர்கள் பிறகு நகர்த்தியிருந்தார்கள். போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் போகவில்லை.

மறுநாள் மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதர்தான், பயத்தில் இருந்தார். விசாரணை வைக்கிறார்களாம். வால்வு ஒழுங்காக இருக்கிறது, தேர்வு ஒழுங்காக இருக்கிறது, அந்தம்மாதான் முழுக்க மூடாமல், கையுறையும் இல்லாமல் வேலை செய்திருக்கிறார் என்று ஒரு பேச்சு இருப்பதாகச் சொன்னார். அது எடுபடாவிட்டால் பொருத்தியவன் தப்பு. எப்படியும் நம் தலைக்கு வராது.

"அவர் உங்க தம்பின்னு அங்க யாருக்கும் தெரியாதும்மா," என்றார். "தெரிய வேண்டாம். நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தாலே போதும்."

அவள் சாயங்காலம் நேராக ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனாள்.

அந்தம்மா கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைவரை கட்டு. ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் வார்த்தையைத் தேடினார். அது சரியாகிவிடும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்களாம். அவள் தான் யார் என்று சொன்னாள். அந்த வால்வைத் தேர்ந்தெடுத்தவள் என்று. திட்டு விழும் என்று தயாராகத்தான் போயிருந்தாள். அந்தம்மா திட்டவில்லை. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சரியா மூடலன்னு சொல்றாங்கம்மா," என்றார். "கைப்பிடி தட்டி நிக்கிற வரைக்கும் திருப்பினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா மயக்கத்துல இருந்தவ பேச்ச யாரு நம்புவா? நீங்களே சொல்லுங்க, நான் மூடினேனா, இல்லையா?"

"மூடினீங்க," என்றாள் அவள். "நீங்க சரியாத்தான் மூடினீங்க. அதுதான் மூடிக்கல."

அந்தம்மா அழுதுவிட்டார். விபத்தான நாளிலிருந்து அவர் அழவே இல்லை என்று பக்கத்தில் நின்ற மகள் பிறகு வெளியே வந்து சொன்னாள்.

அந்த ஒரு பதிலைச் சொன்னபிறகு விசாரணையில் வாயை மூடிக்கொண்டு உட்கார வழியில்லை. அந்தம்மாவைக் காப்பாற்றினால் தம்பி மாட்டுவான். தம்பியைக் காப்பாற்ற அந்தம்மாவைக் கைவிட வேண்டும். இரண்டும் ஆகாது என்றால் என்ன செய்வது என்று வீட்டில் கேட்க ஆளில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து தம்பியிடமே சொல்லிவிட்டாள், நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன், என் பங்கையும் சேர்த்து என்று. அவன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

விசாரணை ஆஸ்பத்திரியின் நீளமான கூட்ட அறையில் நடந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் குரலை உயர்த்தவே இல்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. அறுத்தெடுத்த வால்வை மேஜைமேல் துணி விரித்து வைத்திருந்தார்கள். அவள் அம்பைக் காட்டினாள். ஓட்டை எங்கே இருக்கிறது, திரவம் எப்படி நழுவியது என்று சொன்னாள். முழுக்க மூடியும் கசியும் என்றாள். பொருத்தியவர் யார் என்று கேட்டார்கள்.

"என் தம்பி," என்றாள்.

அறையில் ஒரு சலசலப்பு. மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் நிறுத்தவில்லை. கைப்பிடிக்கு இடம் இல்லாததால்தான் அவன் திருப்பினான், இடம் இல்லாதது தன் படத்தின் குறை, கேட்கக் கூப்பிட்டபோது தான் எடுக்கவில்லை, திசை மாறினால் ஆபத்தாகிற வால்வைத் தேர்ந்தெடுத்த தான் அதை யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை, மூடிப் பார்க்கிற சோதனையை நடத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், நாளாகிவிடும் என்று அதை விட்டது தங்கள் அலுவலகம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடித்தபோது நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சமாக இருந்தது.

முடிவு வர நாளாகவில்லை. அந்தம்மாமேல் குற்றம் இல்லை. ஆஸ்பத்திரி தன் பொறுப்பில் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் வரிசை முழுவதையும் பிரித்து மறுபடி போட வேண்டும். தம்பி இனிக் குளிர்திரவக் குழாய்களில் கைவைக்கக் கூடாது. ஒப்பந்தக்காரர் அவனை வேறு வேலைக்கும் வைத்துக்கொள்ளவில்லை. ராசியில்லாத ஆள் என்று சொல்லிவிட்டார். அவளைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பவில்லை. நீராவிக் குழாய்ப் பிரிவுக்கு மாற்றியது. மேலாளர் தேவைக்கு மட்டும் பேசினார். வால்வம்மா என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். அம்மா ஒரு வாரம் மாடிக்கு வரவில்லை. வந்தபோது படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

"உண்மைய சொல்றதுக்கு ஊர்ல வேற ஆளே இல்லையாடி? உனக்குத் தம்பி ஒருத்தன்தான இருக்கான்?"

அவள் அந்தம்மாவின் கைக்கு நேர்ந்ததைச் சொன்னாள். அம்மா முழுக்கக் கேட்டாள். இறங்கிப் போனாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு பாத்திரத்தில் மேலே வந்தது, தம்பி மகள் கையில். கீழே வரச் சொல்லவில்லை.

பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிற பட்டறை ஒன்றில் தம்பிக்கு வேலை கிடைத்தது. இரும்புத் தகட்டில் பற்றவைப்பு. அவன் கைக்கு அது கோடாலியால் பென்சில் சீவுகிற மாதிரி. பட்டறை ஊரின் மறுகோடியில் இருந்தது. அதையே சாக்காக வைத்து வீட்டைக் காலி செய்துகொண்டு போனான். அம்மாவும் அவர்களோடு போய்விட்டாள். சாமான் ஏற்றிய அன்று அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து கூடமாட நின்று எடுத்துக் கொடுத்தாள். தம்பி அவள் கையிலிருந்து வாங்கினான், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பஸ் பிடித்து அங்கே போவாள். தம்பி மனைவி தங்கமானவள். 'வாங்க அண்ணி' என்று உட்காரவைத்துப் பரிமாறுவாள். தம்பி வாசலில் ஏதாவது ஒரு சாமானைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். அக்காவிடம் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வான். 'அம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லு' என்பான், அவள் பக்கத்திலேயே நிற்கும்போது. குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டுபோல ஆகிவிட்டது. அவர்கள் சிரிப்பார்கள், பெரியவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஒருநாள் தம்பி மனைவி அடுப்படியில் மெல்லச் சொன்னாள். அவர் இரண்டு தடவை அந்த ஆஸ்பத்திரிவரை போயிருக்கிறாராம். கேட்டைத் தாண்டவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

அவள் அந்தம்மாவைப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூடத்தில் இப்போது குளோப் வால்வுகள். குழாயைக் கொஞ்சம் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். தொட்டி நிரம்ப முன்னைவிட நேரமாகிறது, யாரும் குறை சொல்வதில்லை. அந்தம்மா மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். ஆனால் எந்த வால்வை மூடினாலும் பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும் என்கிறார். மூடிவிட்டு, நின்றுவிட்டதா, நின்றுவிட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்பாராம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்புகிறபோது தம்பி வாசல் குழாயடியில் கிரீஸ் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். அம்மா உள்ளே படுத்திருந்தாள். சுற்றிலும் யாரும் இல்லை. அவள் செருப்பை மாட்டினாள்.

"அந்தம்மாவுக்குக் கை எப்படி இருக்கு?" என்றான், குனிந்தபடியே.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

"ரெண்டு விரல் மடங்காதுன்னு சொல்லிட்டாங்கடா," என்றாள். "இடது கையால எழுதிப் பழகறாங்க."

அவன் தலையாட்டினான். சோப்பை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட கையை மறுபடி தேய்க்க ஆரம்பித்தான். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.